எந்தப் பார் வளமானது?
(பின்னாய்வு ஒப்பீடுகள் குறித்த விளக்கக் கட்டுரை)

நுழையும்முன்

பலவற்றுள் எது சிறந்தது என்ற கேள்வி வேளாண்மையிலும் மருத்துவத்திலும் கடல் வளர்ப்பிலும் நாள்தோறும் எழுகிறது. அளந்து பெற்ற எண்களுள் பெரியதைச் சுட்டிக்காட்டுவது எளிது. அவ்வேறுபாடு உண்மையானதா, தற்செயலாக நேர்ந்ததா என்று அறிவதே கடினம். அதனைப் பிரித்தறியப் புள்ளியியல் வகுத்துள்ள வழிகளுள் ஒன்றை முத்து விளையும் கடற்கரையின் பின்னணியில் விளக்குகிறது இப்பாடம்.

சலாபமும் மாதிரியும்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியை ஒட்டிய கடலின் அடித்தளத்தில் முத்துச் சிப்பிகள் திரளாக வாழும் பாறைத் திட்டுகள் உள்ளன. மீனவர்கள் அவற்றைப் 'பார்' என்று அழைப்பர். தோலாயிரம் பார், புலிப்புண்டுப் பார் எனப் பார்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. கொற்கை துறைமுகமாக விளங்கிய காலந்தொட்டு இப்பார்களில் முத்துக்குளித்தல் நடைபெற்று வந்துள்ளது. முத்தெடுக்கும் பருவத்தில் கடற்கரையில் நிகழும் பெருங்கூட்டத் தொழிலைச் 'சலாபம்' என்றனர்.

சலாபம் நினைத்தபோதெல்லாம் நடைபெறவில்லை. எந்தப் பாரில் சிப்பிகள் முதிர்ந்துள்ளன, எந்தப் பாரில் முத்து மிகுதியாக உள்ளது என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியிருந்தது. அதற்காகப் பாரிலிருந்து சிப்பிகளை மாதிரியாக எடுத்தனர். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, முத்துகளைப் பிரித்தெடுத்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புத் தேறும் என்று கணித்தனர். அக்கணிப்பை நம்பியே மூழ்குவோரும் படகுக்காரர்களும் வணிகர்களும் கரையில் கூடினர். மாதிரி பிழைத்தால் பலருடைய உழைப்பும் பொருளும் வீணாயின.

ஆழ்ந்து நோக்கினால் இங்கே ஒரு புள்ளியியல் சிக்கல் மறைந்திருப்பது புலப்படும். ஒரே பாரிலிருந்து பத்துக் கூடைச் சிப்பிகளை எடுத்துத் தனித்தனியே மதிப்பிட்டாலும், பத்துக் கூடைகளும் ஒரே மதிப்பைத் தருவதில்லை. ஒரு கூடை சற்று மிகுந்தும் மற்றொன்று சற்றுக் குறைந்தும் இருக்கும். அவ்வாறாயின், வெவ்வேறு பார்களிலிருந்து எடுத்த கூடைகள் வேறுபடும்போது அது பார்களின் வேறுபாடா, கூடைகளின் தற்செயல் வேறுபாடா?

பாரிலிருந்து பண்ணைக்கு

1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்ற முத்துக்குளித்தலுக்குப் பின்னர் தூத்துக்குடிக் கடலில் சலாபம் நின்றுபோயிற்று. இயற்கைப் பார்களில் சிப்பிகளின் பெருக்கம் நிலையாக இல்லாத நிலையில் அறிவியல் வேறு வழியைத் தேடியது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் க. அழகர்சாமி 1973ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். பின்னர்ச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்யும் முறையும் தூத்துக்குடியில் உருவாயிற்று.

சிப்பி வளர்ப்பு தொடங்கியதும் பழைய கேள்வி புதிய வடிவில் எழுந்தது. எந்தப் பார் வளமானது என்பதற்கு மாறாக, எந்தக் கடற்பகுதியில் கூண்டுகளைத் தொங்கவிடுவது, எந்த ஆழத்தில் வளர்ப்பது, எந்த உணவைக் குஞ்சுகளுக்கு அளிப்பது என்ற கேள்விகள் தோன்றின. இவற்றுக்கு விடை காண உதவும் கருவியே மாறுபாட்டுப் பகுப்பாய்வு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. ஃபிஷர் இதனை வளர்த்தெடுத்து, 1925இல் வெளியிட்ட நூலின் வழியாக ஆய்வாளர்களிடையே பரப்பினார்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கை விளக்குவதற்காக அமைத்துக்கொண்ட எண்களைக் காண்போம். ஒரே வயதுடைய சிப்பிக் குஞ்சுகள் நான்கு வளர்ப்புக் களங்களில் விடப்படுகின்றன. ஒவ்வொரு களத்திலும் ஆறு கூண்டுகள் உள்ளன. ஓராண்டுக்குப் பின் ஒவ்வொரு கூண்டிலிருந்தும் குலுக்கல் முறையில் ஒரு சிப்பி தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் ஓட்டின் உயரம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது.

முதற்களம்: 36, 39, 40, 40, 42, 43 (சராசரி 40)
இரண்டாம் களம்: 39, 40, 42, 42, 43, 46 (சராசரி 42)
மூன்றாம் களம்: 42, 42, 46, 46, 46, 48 (சராசரி 45)
நான்காம் களம்: 45, 46, 48, 48, 49, 52 (சராசரி 48)

நான்கு களங்களுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று முதலில் கொள்ள வேண்டும். இதுவே இன்மை எடுகோள். பின்னர் இரண்டு வகை மாறுபாடுகள் கணக்கிடப்படுகின்றன. ஒரே களத்துக்குள் சிப்பிக்குச் சிப்பி காணப்படும் மாறுபாடு ஒன்று. களத்துக்குக் களம் சராசரிகளிடையே காணப்படும் மாறுபாடு மற்றொன்று.

ஒவ்வொரு களத்திலும் தத்தம் சராசரியிலிருந்து விலகிய அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 30 கிடைக்கிறது. நான்கு களங்களுக்கும் சேர்த்து 120. மொத்தம் 24 அளவுகளிலிருந்து நான்கு சராசரிகளைக் கணித்துவிட்டதால், கட்டின்றி மாறத்தக்கவை 20. இதனைக் கட்டின்மைக் கூறு என்பர். 120ஐ 20ஆல் வகுத்தால் களங்களுக்குள் அமைந்த சராசரி வர்க்கம் 6.

அனைத்துச் சிப்பிகளின் பொதுச் சராசரி 43.75. அதிலிருந்து களச் சராசரிகள் விலகிய அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, களத்துக்கு ஆறு சிப்பிகள் என்பதால் ஆறால் பெருக்கினால் 220.5 வருகிறது. நான்கு களங்களுக்குக் கட்டின்மைக் கூறு மூன்று. எனவே களங்களுக்கு இடையிலான சராசரி வர்க்கம் 73.5.

73.5ஐ 6ஆல் வகுக்கக் கிடைக்கும் 12.25 என்பதே 'எஃப்' மதிப்பு. களங்களிடையே உண்மையான வேறுபாடு இல்லையெனில் இவ்விகிதம் ஒன்றை ஒட்டியே அமையும். 5 விழுக்காடு மிகைகாண் நிலையில் அட்டவணை தரும் எல்லை 3.10. கிடைத்த மதிப்பு அதனினும் மிகப் பெரிது. எனவே இன்மை எடுகோள் மறுக்கப்படுகிறது.

சோதனை சொல்லாத செய்தி

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்கு வருவது எளிது. நான்காம் களத்தின் சராசரி பெரிதாக இருப்பதால், மற்ற மூன்றையும்விட அதுவே சிறந்தது என்று சோதனை மெய்ப்பித்துவிட்டதாகக் கருதுவோர் உண்டு. எஃப் சோதனை அவ்வாறு கூறவில்லை. நான்கு சராசரிகளும் ஒன்றே என்று கொள்வதற்கில்லை என்பது மட்டுமே அது கூறும் செய்தி. எது எதிலிருந்து வேறுபடுகிறது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. வீட்டில் யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் என்று அறிவது போன்றது அது. யாருக்கு என்று அறிய ஒவ்வொருவரின் நெற்றியையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதனால் களங்களை இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டியுள்ளது. மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்குப் பின் செய்யப்படுவதால் இவை 'பின்னாய்வு ஒப்பீடுகள்' எனப்படுகின்றன.

கேள்விகள் பெருகினால் பிழையும் பெருகும்

நான்கு களங்களிலிருந்து ஆறு இணைகள் கிடைக்கின்றன. ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியே 5 விழுக்காடு மிகைகாண் நிலையில் சோதனை செய்தால் போதாதா என்ற ஐயம் எழலாம். இல்லாத வேறுபாட்டை உண்டு என்று அறிவிப்பது முதல் வகைப் பிழை. 5 விழுக்காடு என்பது ஒரு சோதனையில் அப்பிழைக்கு இடமளிக்கும் அளவு. ஒன்றையொன்று சாராத ஆறு சோதனைகளைச் செய்தால், ஒன்றிலும் பிழை நேராமல் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95ஐ ஆறு முறை பெருக்கக் கிடைக்கும் 0.735. அதாவது, ஒன்றிலேனும் பிழை நேர்வதற்கான வாய்ப்பு 26 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பத்துக் களங்கள் இருப்பின் இணைகள் 45. அந்த வாய்ப்பு 90 விழுக்காடாகிறது. ஒரே தரவிலிருந்து எழும் ஒப்பீடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை ஆதலால் உண்மையான அளவு சற்றுக் குறையும். ஆயினும் 5 விழுக்காட்டைவிட அது மிகுதியே.

இதனைப் பாரின் வழியாகவும் உணரலாம். ஒரே பாரிலிருந்து இரண்டு கூடைகளை எடுத்தால் அவற்றின் வேறுபாடு பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். பத்துக் கூடைகளை எடுத்து, அவற்றுள் மிக வளமானதையும் மிக வறியதையும் மட்டும் அருகருகே வைத்தால் வேறுபாடு பெரிதாகத் தோன்றும். பாரோ ஒன்றுதான். எடுத்தவற்றுள் இரு முனைகளைத் தேர்ந்தெடுத்ததே அத்தோற்றத்துக்குக் காரணம்.

டூக்கியின் வழி

இவ்விரு முனைகளின் இடைவெளியையே அளவுகோலாகக் கொண்டவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. உண்மையில் வேறுபாடில்லாத பல குழுக்களில் மிகப் பெரிய சராசரிக்கும் மிகச் சிறிய சராசரிக்கும் இடையே தற்செயலாக எவ்வளவு இடைவெளி தோன்றக்கூடும் என்பதை முதலில் கணித்துக்கொண்டால், அதனைத் தாண்டும் எந்த இணையையும் வேறுபட்டது எனத் துணிந்து கூறலாம். அவ்வாறு கூறும்போது எல்லா இணைகளையும் ஒன்றாகச் சேர்த்து நோக்கினாலும் முதல் வகைப் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கும்.

இதற்கான எண் அட்டவணையில் உள்ளது. நான்கு குழுக்கள், கட்டின்மைக் கூறு 20 என்ற நிலையில் அது 3.96. களங்களுக்குள் அமைந்த சராசரி வர்க்கத்தை (6) ஒரு களத்தின் சிப்பிகளின் எண்ணிக்கையால் (6) வகுத்து வர்க்கமூலம் கண்டால் 1 கிடைக்கிறது. இவ்விரண்டையும் பெருக்கினால் 3.96. இரண்டு சராசரிகளின் வேறுபாடு 3.96 மில்லிமீட்டரைத் தாண்டினால் மட்டுமே அக்களங்கள் வேறுபட்டவை என அறிவிக்கலாம்.

முதலும் இரண்டும்: வேறுபாடு 2 (எல்லைக்குள்)
முதலும் மூன்றும்: வேறுபாடு 5 (எல்லையைத் தாண்டியது)
முதலும் நான்கும்: வேறுபாடு 8 (எல்லையைத் தாண்டியது)
இரண்டும் மூன்றும்: வேறுபாடு 3 (எல்லைக்குள்)
இரண்டும் நான்கும்: வேறுபாடு 6 (எல்லையைத் தாண்டியது)
மூன்றும் நான்கும்: வேறுபாடு 3 (எல்லைக்குள்)

ஆய்வுக் கட்டுரைகளில் இம்முடிவைச் சராசரிகளின் மேல் சிறிய எழுத்துகளை இட்டுக் காட்டுவர். முதற்களத்துக்குக் 'க', இரண்டாம் களத்துக்குக் 'க, ங', மூன்றாம் களத்துக்கு 'ங, ச', நான்காம் களத்துக்குச் 'ச' என எழுதலாம். ஓர் எழுத்தையேனும் பொதுவாகப் பெற்ற களங்களிடையே வேறுபாடு நிறுவப்படவில்லை. பொது எழுத்து இல்லாதவை வேறுபட்டவை.

விடையைப் படிக்கும் முறை

மேற்கண்ட முடிவில் முரண்பாடு போலத் தோன்றும் ஒன்று உள்ளது. முதலும் இரண்டும் வேறுபடவில்லை. இரண்டும் மூன்றும் வேறுபடவில்லை. ஆனால் முதலும் மூன்றும் வேறுபடுகின்றன. கணிதத்தில் ஒன்றுக்குச் சமமானவை தமக்குள்ளும் சமமானவை அல்லவா?

இங்குச் 'சமம்' என்று யாரும் கூறவில்லை என்பதே விடை. வேறுபாடு நிறுவப்படவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. கலங்கிய நீரில் மூழ்கியவருக்குச் சிப்பி தென்படவில்லை என்றால், அங்கே சிப்பியே இல்லை என்பது பொருளாகாது.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது நம்பிக்கை இடைவெளி. கண்ட வேறுபாட்டோடு 3.96ஐக் கூட்டியும் கழித்தும் அதனைப் பெறலாம். முதற்களத்துக்கும் நான்காம் களத்துக்கும் இடையிலான வேறுபாடு 4.04 முதல் 11.96 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இதில் சுழியம் இல்லை, வேறுபாடு உறுதி. மூன்றாம் களத்துக்கும் நான்காம் களத்துக்கும் அந்த இடைவெளி −0.96 முதல் 6.96 வரை நீள்கிறது. வேறுபாடே இல்லாமலும் இருக்கலாம். ஏழு மில்லிமீட்டரை நெருங்கும் வேறுபாடும் இருக்கலாம். இன்னும் அளந்தால்தான் தெரியும் என்பதே இதன் நேர்மையான பொருள்.

நான்காம் களம் கரையிலிருந்து தொலைவில் உள்ளது எனக் கொள்வோம். அங்குச் சென்றுவர எரிபொருளும் நேரமும் மிகுதியாகச் செலவாகும். கடன் பெற்றுக் கூண்டு அமைக்க முனையும் மீனவர் குழு ஒன்றுக்கு, மூன்றாம் களமே போதுமா, நான்காம் களத்துக்குச் செல்ல வேண்டுமா என்பது வாழ்வாதாரக் கேள்வி. இரண்டிரண்டாகத் தனித்தனியே சோதிக்கும் ஃபிஷரின் மிகச்சிறு வேறுபாட்டு முறையில் எல்லை 2.95தான். அம்முறையில் நான்காம் களம் மூன்றாம் களத்தினும் சிறந்தது என்ற அறிவிப்பு வந்துவிடும். டூக்கியின் முறையோ அவ்வறிவிப்பைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரே தரவு, இரண்டு விடைகள். எனவே, முடிவைக் கூறுவோர் எம்முறையைப் பின்பற்றினர் என்பதையும் கூறியாக வேண்டும்.

கேள்விக்கேற்ற முறை

ஒப்பீட்டு முறைகள் பல. எல்லா இணைகளையும் ஒப்பிடும்போது டூக்கியின் முறை பொருத்தமானது. புதிய களங்களைப் பழைய களம் ஒன்றோடு மட்டும் ஒப்பிடுவதாயின் டன்னட் 1955இல் வகுத்த முறை ஏற்றது. அங்கே ஆறுக்குப் பதில் மூன்றே ஒப்பீடுகள் தேவைப்படுகின்றன. முதலிரண்டு களங்களின் சராசரியைப் பின்னிரண்டு களங்களின் சராசரியோடு ஒப்பிடுவது போன்ற கூட்டு ஒப்பீடுகளுக்கு ஷெஃபே 1953இல் தந்த முறை இடமளிக்கிறது. எந்த ஒப்பீட்டுக்கும் இடந்தருவதால் அதன் எல்லை உயர்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 4.31. 5 விழுக்காட்டை ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளும் பான்ஃபெரோனி முறை எளியது. இங்கே அதன் எல்லை 4.14. களங்களுக்குள் அமைந்த மாறுபாடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால், அதற்கென அமைந்த கேம்ஸ், ஹோவெல் ஆகியோரின் முறையை நாட வேண்டும்.

எம்முறை என்பதை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லா முறைகளையும் செய்து பார்த்து, விரும்பிய விடையைத் தரும் முறையை மட்டும் வெளியிடுவது, வளமான கூடையை மட்டும் காட்டிப் பாரை விலைபேசுவதற்கு ஒப்பாகும்.

கணக்குக்கு முன்னும் பின்னும்

எந்தப் பின்னாய்வு முறையாலும் திருத்த இயலாத பிழைகளும் உள. ஒரே கூண்டில் வளர்ந்த ஆறு சிப்பிகளை அளந்தால் அவை ஆறு தனிச் சான்றுகள் ஆகா. அக்கூண்டில் பாசி படிந்திருந்தாலோ, நண்டு புகுந்திருந்தாலோ ஆறும் ஒருங்கே பாதிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டில் கூண்டுக்கு ஒரு சிப்பி எடுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

மாதிரியின் அளவும் இன்றியமையாதது. களத்துக்கு ஆறுக்குப் பதில் 24 கூண்டுகள் இருந்தால் டூக்கியின் எல்லை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மூன்றாம் நான்காம் களங்களின் சராசரிகள் மாறாதிருப்பின், அப்போது அவற்றிடையே காணும் 3 மில்லிமீட்டர் வேறுபாடு உறுதிப்பட்டுவிடும்.

அவ்வாறு உறுதிப்பட்டாலும் கேள்வி முடிவதில்லை. நிறுவப்பட்ட வேறுபாடு பயனுள்ள வேறுபாடுதானா என்பது வேறொரு வினா. 3 மில்லிமீட்டர் வளர்ச்சி, முத்தின் அளவிலும் விலையிலும் எரிபொருள் செலவை ஈடுகட்டுமா என்பதைப் புள்ளியியல் அட்டவணை சொல்லாது. அதனைக் கடலையும் சந்தையையும் அறிந்தோரே எடைபோட வேண்டும்.

அன்று சலாபக் கரையில் மாதிரிச் சிப்பிகளைக் கழுவி முத்துகளை எண்ணியவர்களும், இன்று ஆய்வகத்தில் அளவுகோலோடு அமர்ந்திருப்பவர்களும் விடை தேடுவது ஒரே கேள்விக்குத்தான். வேறுபாடு உள்ள இடத்தில் உள்ளது எனவும், தெரியாத இடத்தில் தெரியவில்லை எனவும் கூறும் துணிவே அத்தேடலுக்கு மதிப்பைத் தருகிறது.

தெரியுமா?

கணினியியலில் தகவலின் மிகச்சிறு அலகைக் குறிக்கும் 'பிட்' என்னும் சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கியே. பல மதிப்பீடுகளுக்கு ஒருங்கே நம்பிக்கை இடைவெளி காணும் முறை குறித்து 1953இல் முன்னோடியான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் எஸ். என். ராய், ஆர். சி. போஸ் என்னும் இந்தியப் புள்ளியியலாளர்கள்.

கற்பவை கற்றபின்

1. இரண்டாம் களத்துக்கும் நான்காம் களத்துக்கும் இடையிலான வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டு, அதன் பொருளை இரண்டு தொடர்களில் எழுதுக.
2. 'வேறுபாடு நிறுவப்படவில்லை', 'வேறுபாடு இல்லை' – இவ்விரு தொடர்களின் பொருள் வேறுபாட்டை உமது வட்டாரத் தொழில் ஒன்றிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
3. ஐந்து வகை நெல் விதைகளை ஒப்பிடும் ஆய்வில் எத்தனை இணைகள் அமையும்? ஏற்கெனவே பயிரிடப்பட்டு வரும் ஒரு வகையோடு மட்டும் மற்றவற்றை ஒப்பிட்டால் எத்தனை? இரண்டில் எது முதல் வகைப் பிழைக்கு மிகுதியாக இடந்தரும்? வகுப்பில் கலந்துரையாடுக.